கறுப்புத் திரையில் ஊர்ப்பெயர்: ஊவாவிலிருந்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் பெயருக்கென்று ஓர் இயலையே ஒதுக்கினார். ஆனால் கோப்பின் பெயரைக் கறுப்புத் திரை எப்படிக் காட்ட வேண்டும் என்று சூத்திரம் செய்யாமல் போய்விட்டார். அக்குறையை ஊவா மாகாணத்து ஊர்களை வைத்து நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம், லினக்ஸ் கணினியில் ஒரு கோப்புறை. அதற்குள் பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி எல, பதுளை என்று ஐந்து வெற்றுக் கோப்புகள். கட்டளை வரியில் கேட்டுப் பார்த்ததில், பெயர்கள் மூவகைப்படும் எனத் தெளிந்தோம்.

முதலாவது, மேற்கோட்பெயர். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் என்ற கட்டளை ஹாலி எலவை மட்டும் ஒற்றை மேற்கோளுக்குள் காட்டுகிறது. மற்ற ஊர்கள் ஓரிடம் தள்ளி மரியாதையாக நிற்கின்றன. காரணம் நடுவிலுள்ள இடைவெளி. மேற்கோளின்றி அழிக்கச் சொன்னால் ‘ஹாலி’ என ஒன்று, ‘எல’ என ஒன்று தேடித் திண்டாடும் கணினி. எல்எஸ் அடங்கிய குனூ கோர்யூட்டில்ஸ் 8.25 வெளிவந்த 2016 ஜனவரியிலிருந்து இதுவே வழக்கம். ஆனால் அதே பட்டியலை இன்னொரு கருவிக்குக் கைமாற்றினால் மேற்கோள் மறைந்துவிடும். தேயிலைத் தோட்டத்தில் துரை முன்னால் ஒரு பேச்சு, பிரட்டுக்களத்தில் ஒரு பேச்சு பேசும் கணக்கப்பிள்ளையின் குணம் இது.

இரண்டாவது, மறைபெயர். பெயரின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் லுணுகலையே பட்டியலில் இராது. ‘-ஏ’ சேர்த்துக் கேட்டால்தான் வெளியே வரும்.

மூன்றாவது, எண்ணுருப்பெயர். இதுவே ஆய்வின் உச்சம். பதுளை என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறி. யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டு. கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியிடம் நிலவரம் கேட்டால், ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக்கி அது காட்டுவது: "\340\256\252\340\256\244\340\257\201\340\256\263\340\257\210". இந்த ஊருக்கு எந்த பஸ் போகும்? பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தவருக்கு இத்தொல்லை இல்லை.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று அலைந்து பழகிய தோட்டத்துப் பிள்ளைகள் இதற்கும் வழக்கம்போல் தம் கோப்பின் பெயரையே மாற்றிவிடுகிறார்கள். இங்கேதான் எம் ஆய்வு குறுக்கே நிற்கிறது. கோப்பின் பெயர் வட்டில் பழுதின்றித்தான் இருக்கிறது. கோளாறு காட்டும் முறையில். கிட்டில் கோர்.குவோட்பாத் என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் பதுளை பதுளையாகவே வரும்.

ஆகவே முடிபு: பெயரை மாற்றாதீர்கள், அமைப்பை மாற்றுங்கள்.