எவர்சில்வர் டப்பாவில் நாலு டெராபைட்

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குள் பழைய கல்லறைகள் இருக்கின்றன. 1781-இல் இங்கிலீஷ்காரன் கோட்டையைப் பிடித்தான். பிறகு அது சிதிலமும் ஆனது. ஆனாலும் கல்லில் வெட்டிய பெயரையும் தேதியையும் இன்றைக்கும் படிக்கலாம். எங்கள் தெருச் சித்தப்பாவுக்கு அவற்றைப் பார்த்தால் பொறாமை. "ஒரே காப்பிடா. அதுவும் கரப்ட் ஆகலை பாரு!"

ஊருக்கு ஊர் இப்படி ஒருத்தர் உண்டு. காதுகுத்தோ கார் பூஜையோ, எல்லாவற்றையும் எடுப்பார். பந்தியில் சாம்பார் ஊற்றுவதுகூட 4கே-யில்தான். நிமிஷத்துக்கு முந்நூறு எம்பி போனாலும் கவலையில்லை. எதையும் அழிக்க மாட்டார், எடுத்ததைத் திரும்பப் பார்க்கவும் மாட்டார். கட்டைவிரல் லென்ஸை மறைத்த ஒரு படத்தை அழிக்கச் சொன்னேன். "அது உங்க சித்தி விரல்டா" என்றார்.

2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படமெல்லாம் இலவச 15 ஜிபி கணக்கில் சேரும் என்று கூகுள் ஃபோட்டோஸ் அறிவித்ததும், ரேஷனில் சர்க்கரையை நிறுத்தியதுபோல் இடிந்துபோனார். மறுவாரமே ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கினார். செருகினால் 931 ஜிபி என்று காட்டியது. நேரே கடைக்கே போய்ச் சண்டை. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், கம்ப்யூட்டர் 1024-ஆக எண்ணுகிறது என்று பையன் பொறுமையாக விளக்கினான். "எடைக்கல்லுல தேய்மானம்னு சொல்லு தம்பி" என்று சொல்லிவிட்டு இன்னும் மூன்று வாங்கி வந்தார்.

உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே பொரிந்து உதிரும் ஊர் இது. அதனால் நாலு டிஸ்க்கும் சித்தியின் முறுக்கு டப்பாவுக்குள் போயின. செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கி மேலே தூவினார். முறுக்கு துணிப்பைக்குக் குடிபோய் நமுத்துப்போனது.

"மூணு காப்பி இருக்கணும், ரெண்டு வகையில இருக்கணும், ஒண்ணாவது வேற இடத்துல இருக்கணும்" என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, ஒரு டிஸ்க்கைப் பூஜை அறைக்கு மாற்றினார்.

போன ஆடியில் ஆயா போய்ச் சேர்ந்தது. கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். சித்தப்பா டப்பாவைத் திறந்தார். 'முக்கியம்', 'ரொம்ப முக்கியம்', 'நியூ ஃபோல்டர் 14' என்று விடியவிடியத் தேடினோம். கிடைத்தது ஆயாவின் முழங்கை. பந்தியில் குனிந்திருக்கும் ஆயாவின் கொண்டை. ஒரு கல்யாண வீடியோவில் ஆயா நாலு தடவை குறுக்கே போகிறது. நாலு தடவையும் "ஆயா, தள்ளு, மறைக்கிது" என்று சித்தப்பாவின் குரல். அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

காலையில் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு கல்பாக்கத்துக்கு ஓடினோம். ஸ்டுடியோக்காரர் அதையே பெரிதாக்கி, பின்னால் நீல வானம் வைத்து ஃபிரேம் போட்டுக் கொடுத்தார். படத்தில் ஆயா போலீஸைப் பார்த்த மாதிரி முழித்துக்கொண்டிருந்தது.

மாலை போட்டு விளக்கேற்றினார்கள். எல்லோரும் கும்பிட்டு நகர்ந்ததும் சித்தப்பா படத்துக்கு முன்னால் வந்து ஃபோனை எடுத்து, கிளிக். மறுபடி ஒரு கிளிக்.

"எதுக்கு ரெண்டு?" என்றாள் சித்தி.

"ஒண்ணு பேக்கப்."