காணாமல் போகும் சங்கம் தொடங்குவது எப்படி?

கல்லூரியில் சங்கம் தொடங்குகிறவர்கள் எல்லோரும் அது நூறாண்டு வாழவேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறார்கள். அந்தப் பேராசை நமக்கு வேண்டாம். முப்பது வருஷம் ஆடிவிட்டுச் சுவடில்லாமல் மறைகிற சங்கம் போதுமென்றால், வர்ஜீனியாவில் வில்லியம் அண்டு மேரி கல்லூரி மாணவர்கள் 1750 நவம்பர் 11 அன்று தொடங்கிய எஃப்.எச்.சி. சங்கத்தை அப்படியே பின்பற்றுங்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் ரகசியச் சங்கங்களில் நமக்குத் தெரிந்தவரை மூத்தது அதுதான்.

முதல் வேலை, மூன்றெழுத்துப் பெயர். லத்தீனாக இருந்தால் கௌரவம். விரிவு என்னவென்று வெளியே மூச்சு விடக்கூடாது. ஊர் சும்மா இருக்குமா? தலையில் வைக்கும் தட்டைத் தொப்பியை நினைத்து 'ஃபிளாட் ஹேட் கிளப்' என்று விரித்துவிட்டார்கள். பின்னால் அதே கல்லூரியில் வந்த பி.டி.ஏ. சங்கத்துக்கு ஊர் கொடுத்த விரிவு 'ப்ளீஸ் டோன்ட் ஆஸ்க்'. இரண்டு சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

அடுத்து வெள்ளிப் பதக்கம், உறுப்பினர் சான்றிதழ், உறுப்பினர்களுக்கு மட்டுமே தெரிந்த கைகுலுக்கல். இவை முடிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். நோக்கம், கொள்கை என்று கிளம்பினால் ஆபத்து. 1760களின் தொடக்கத்தில் அங்கே படித்த தாமஸ் ஜெஃபர்சனும் இதில் உறுப்பினர். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர், இரண்டு முறை ஜனாதிபதி. அவரிடம் 1819இல் ஒருவர் கடிதம் போட்டு இந்தச் சங்கத்தைப் பற்றி விசாரித்தார். அப்போது ஜெஃபர்சனுக்கு 76 வயது. ஆறே மாணவர்கள் இருந்தோம், உருப்படியான நோக்கம் எதுவும் கிடையாது, அது இப்போது இருக்கிறதா என்றுகூடத் தெரியாது என்று பதில் எழுதினார். பழைய உறுப்பினரிடமிருந்து இப்படியொரு நற்சான்று வாங்குவதுதான் உங்கள் லட்சியமாக இருக்கவேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: சேர வருகிறவனை அலட்சியமாகத் திருப்பி அனுப்பாதீர்கள். அதே கல்லூரியில் படித்த ஜான் ஹீத் என்ற மாணவரை லத்தீன் எழுத்துச் சங்கம் ஒன்று சேர்த்துக்கொள்ள மறுத்ததாகச் சொல்வார்கள். அவர் கிரேக்கம் நன்றாகப் படித்தவர். 1776 டிசம்பர் 5 அன்று நண்பர்களோடு கிரேக்க எழுத்திலேயே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதுதான் ஃபை பீட்டா கப்பா.

1781இல் சுதந்திரப் போர் வாசலுக்கே வந்து கல்லூரியை மூடியது. எஃப்.எச்.சி. அதோடு போயிற்று. வர்ஜீனியாவின் ஆளுநர் நாற்காலியில் சங்கத்தின் பழைய உறுப்பினரான ஜெஃபர்சனே அப்போது இருந்தார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஃபை பீட்டா கப்பாவின் தாய்க்கிளையும் மூடப்பட்டதுதான். ஆனால் அதற்குமுன் ஹார்வர்டிலும் யேலிலும் கிளை தொடங்க அனுமதிப் பத்திரம் கொடுத்து வைத்திருந்தார்கள். எஃப்.எச்.சி.க்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை: ஒரே ஊர், ஒரே கல்லூரி, ஆறே பேர்.

20ஆம் நூற்றாண்டில் வேறு மாணவர்கள் அந்த மூன்றெழுத்தைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதை நம் கணக்கில் சேர்க்கவேண்டாம். ஹீத்தின் சங்கத்துக்கு இன்று 290 கிளைகளுக்கு மேல். அத்தனை பேருக்குக் கணக்கு எழுதும் தலைவலி உங்களுக்கு எதற்கு? ஆறு பேர் சேர்ந்தவுடன் கதவைச் சாத்திவிடுங்கள்.