காவடிப் பீலியும் பிளாஸ்டிக் காட்டுக்கோழியும்

1960களின் கடைசியில் ஊட்டியில் டிரவுட் பிடிக்கப் போனவர்கள் இரண்டு ரகம். சீமையிலிருந்து வந்த தகரப் பெட்டியில் சீமை ஈ வைத்திருந்தவர்கள் ஒரு ரகம். வீட்டில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு போன என் பெரியப்பா இன்னொரு ரகம். அந்த ரகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

ஈ என்றால் நிஜ ஈ இல்லை. தூண்டில் முள்ளில் நூலும் இறகும் ரோமமும் சுற்றி, தண்ணீரில் பூச்சி விழுந்துவிட்டது என்று மீனை நம்பவைக்கிற சமாசாரம். மண்புழு கோப்பது கௌரவக் குறைச்சல் என்பது துரைமார் சித்தாந்தம். துரைமார் கப்பலேறிய பிறகும் சித்தாந்தம் மட்டும் தங்கி, ஒரு கிளப்பில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டது. மீனும் அவர்கள் விட்டுப்போனதுதான். 1860களிலேயே நீலகிரி ஓடைகளில் டிரவுட் விட முயன்று தோற்றார்கள். எச்.சி. வில்சன் என்பவர் வந்துதான் காரியம் கைகூடியது; அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் வந்தது.

சீமை மீனுக்கு பெரியப்பா போட்டதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. பெரியம்மாவின் கூறைப்புடவை ஓரத்தில் பிரிந்து தொங்கிய ஜரிகை, பூச்சியின் வயிற்றில் மின்னும் வரியாகும். மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டு வாங்கிய செப்புக்கம்பி, முள்ளை நீருக்குள் இறக்கும். தையல் நூலைத் தேன்மெழுகில் இழுத்து எடுத்துக்கொள்வார். தச்சரிடம் வாங்கிய கை வைஸை மேசை டிராயரில் செருகி, அதில் முள்ளைக் கடிக்கவிட்டு, சேவலின் கழுத்து இறகை நுனியில் பிடித்து மெல்லச் சுற்றுவார். சுற்றச் சுற்ற இறகின் இழைகள் பிரிந்து சிலிர்த்து நிற்கும். அதுதான் பூச்சியின் கால். கடைசி முடிச்சின் மேல் அக்காவின் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. எங்கள் வீட்டு ஈக்களுக்கெல்லாம் தலை ரோஸ் நிறம்.

உடம்புக்கு மயிற்பீலி. பீலியின் ஒற்றை இழையை முள்ளில் சுற்றினால் பச்சையும் வெண்கலமுமாக ஒரு மினுக்கம் வரும். உலகம் முழுக்க ஈ கட்டுகிறவர்கள் இதற்கு ஈடு தேடி ஓய்ந்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு அது தாத்தா பழனிக்கு எடுத்த காவடியிலிருந்து கிடைத்தது.

"ஏங்க, முருகன் சொத்துலயா மீன் பிடிக்கறீங்க?"

"அவர் கையில வேல், என் கையில முள். ரெண்டும் இரும்புதான், விடு."

அவருடைய புகையிலை டப்பாவில், பாச்சா உருண்டையோடு, ஒரு காட்டுக்கோழிச் சேவலின் கழுத்துத் தோல் இருந்தது. துப்பாக்கி லைசன்ஸ் காலத்தில் கிளப் சமையலறையில் மிஞ்சியது. நம் மேற்கு மலைச் சாம்பல் காட்டுக்கோழிக்கு மட்டும் கழுத்து இறகில் மெழுகுச் சொட்டு விழுந்ததுபோல் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி இருக்கும். விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் இந்தப் புள்ளிக்காகப் பித்துப் பிடித்து அலைந்தார்கள். ஜாக் ஸ்காட் என்ற பேர்போன சால்மன் ஈயில் கன்னத்துக்கு நம் காட்டுக்கோழி, இன்னும் அலங்காரத்துக்குத் தென்னமெரிக்க டூக்கான், சீனத்துப் பொன் ஃபெசன்ட். இதில் வேடிக்கை, முட்டையிட ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் எதையுமே தின்பதில்லை. அலங்காரம் யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை. அந்தப் பித்து இன்னும் தெளிந்தபாடில்லை. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்திலிருந்து ஓர் இளம் புல்லாங்குழல் கலைஞர் 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனதும் இந்த ஈ கட்டத்தான்.

இப்போது என் மேசைக்கு வருவோம். ஓய்வூதியம் வந்ததும் நானும் ஆரம்பித்தேன். என்னுடையது சுழலும் வைஸ். விளக்கு காட்டினால் நொடியில் இறுகும் பசை. சேவல் இறகு அமெரிக்காவில் இதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த சேவலுடையது. 2011இல் அந்த ஊர்ப் பெண்கள் அதைக் கூந்தலில் செருக ஆரம்பித்து, மீன்காரர்களுக்கு இறகு கிடைக்காமல் போன கதையும் உண்டு.

காட்டுக்கோழி இறகு மட்டும் என்னிடம் பிளாஸ்டிக். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பறவையைத் தொட முடியாது, தொடவும் கூடாது. எனவே அந்தப் புள்ளியை அச்சடித்த பிளாஸ்டிக் துண்டுகளைக் கடல் கடந்து வரவழைத்திருக்கிறேன். போலி ஈக்குப் போலி இறகு. நான் அதை ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே தேயிலைப் புதரில் அசல் நின்று கூவும்.

இவ்வளவும் கட்டி எங்கே வீசுவது? பெரியப்பா லுங்கியோடு நடந்துபோன ஓடைகளுக்கு இன்று காட்டிலாகா அனுமதி இல்லாமல் போக முடியாது. அதுவும் சரிதான் என்பது என் கட்சி. ஆகவே ஈக்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போயின. வருகிறவர்கள் புரோச் என்று நினைத்து விலை கேட்கிறார்கள்.

போன வருஷம் பேரனோடு ஹிமாசலத்தில் தீர்த்தன் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு டிரவுட் பண்ணைக் குளத்துக்குப் போனேன். ஜாக் ஸ்காட்டுக்கு மரியாதை இல்லை. மயிற்பீலிக்கும் இல்லை. பெட்டி மூலையில் பெரியப்பாவின் பழுப்பு மங்கி குல்லாயைப் பிரித்துச் சுற்றிய உருண்டை ஒன்று கிடந்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலர் காலுறை தைக்கிற கம்பளியைச் சுற்றியே பேர் வாங்கினார். சாட்விக் 477 என்ற அந்த நூலைக் கம்பெனி நிறுத்திவிட, மிச்சமிருக்கும் அட்டைகளுக்கு இன்று அடிபிடி. அந்தத் தைரியத்தில் குல்லாயை வீசினேன். விழுந்த இடத்திலேயே தண்ணீர் கொதித்தது. வில்லாக வளைந்தது தூண்டில்.

"தாத்தா, அதை என்ன பூச்சின்னு நினைச்சுது?" என்றான் பேரன்.

நான் பதிலை யோசிப்பதற்குள் பண்ணைப் பையன் வாளியைத் தூக்கிக் காட்டினான். உள்ளே பழுப்பு நிறத்தில், அதே அளவில், உருண்டை உருண்டையாக மீன் தீவனம்.