அலமாரியில் வெள்ளை, கடலில் பழுப்பு

எங்கள் பேரையூரில் கடல் பார்க்கப் போவது என்றால் அது ராமேஸ்வரம்தான். தை அமாவாசைக்கோ ஆடி அமாவாசைக்கோ வேன் பிடித்துப் போவோம். அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டு, ஈரம் காயாமல் கடைத்தெருவுக்கு வந்தால் சங்கு, சோழி, பாசிமாலையோடு பவளப்பாறைத் துண்டுகளும் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும். எண்பதுகளில் அதை வாங்காமல் திரும்பிய வீடு குறைவு. கல்யாண போட்டோவுக்கும் தலையாட்டிப் பொம்மைக்கும் நடுவில், கண்ணாடி அலமாரிக்குள் அது உட்கார்ந்திருக்கும். பவளம் என்றால் வெள்ளை என்று நாங்கள் படித்தது அந்த அலமாரியில்தான்.

கடல் தூரம் என்றாலும் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. என் தோழனும் நானும் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு பம்புசெட்டுக் கிணற்றில் நீச்சல் பழகினோம். குடுக்கையை அவிழ்த்த பிறகு உள்நீச்சல் போட்டி. மூச்சடக்கிக் கீழே போனவன் அடிமண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். கையில் மண் இல்லாமல் வந்தால், போனதாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்றைக்கு அந்தக் கிணற்றில் வேலிக்கருவை முளைத்துக் கிடக்கிறது. சுற்றிலும் போர்வெல் இறங்க இறங்க நீர்மட்டம் கீழே போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் மதுரையில் பணம் கட்டி நீச்சல் படித்தார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் தோழன் வந்து, "மாப்ள, ஒருக்கா கடலுக்குள்ள தலையை விட்டுப் பாத்துறணும்டா" என்றான். அந்தமான் போனோம்.

போர்ட் பிளேயரிலிருந்து வண்டூர் படகுத்துறைக்கு ரோடு, அங்கிருந்து படகில் ஜாலி பாய் தீவு. மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தீவு அது. பூங்கா 1983இல் அறிவிக்கப்பட்டது. தீவில் ஆள் குடியிருப்பு கிடையாது. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் திறப்பார்கள். மற்ற மாதங்களில் அதற்கு ஓய்வு. வனத்துறை அனுமதிச்சீட்டு இல்லாமல் போக முடியாது. பிளாஸ்டிக் பை, பாட்டில் எதுவும் தீவுக்குள் போகக் கூடாது என்று துறையிலேயே பையைத் திறந்து பார்க்கிறார்கள். அந்தக் கண்டிப்பு எனக்கு நிறைவாக இருந்தது.

லைஃப் ஜாக்கெட் மாட்டி, கண்ணாடியை முகத்தில் இறுக்கி, குழாயின் வாய்ப்பகுதியைப் பல்லால் கடித்துக்கொண்டு குப்புற மிதக்க வேண்டும். கிணற்றில் மூச்சை அடக்கிப் பழகிய உடம்புக்கு, தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வாயால் மூச்சு விடுவது புதுப் பாடம். மூச்சு சீரானதும் கீழே ஓர் ஊரே தெரிந்தது. மான்கொம்பு போலக் கிளைத்த பவளம், மூளை போல மடிப்பு மடிப்பாக உருண்ட பவளம், பாறையை அலகால் கொறிக்கும் கிளிமீன்கள். அந்த மீன் பவளப்பாறையைக் கொறித்து அரைத்துக் கழிப்பதும் சேர்ந்துதான் அங்கே கரையில் கிடக்கும் வெண்மணல்.

தோழன் தலையைத் தூக்கிக் குழாயை எடுத்துவிட்டுக் கேட்டான்: "என்னடா மாப்ள, வெள்ளையா ஒண்ணுகூடக் காணோம்?"

மிதவையைப் பிடித்து எங்களை இழுத்துவந்த தமிழ் இளைஞர் பதில் சொன்னார்: "உசுரோட இருந்தா இந்தப் பழுப்பு நிறந்தாண்ணே. வெள்ளையாச்சுன்னா செத்துருச்சு, இல்ல சாகப் போகுதுன்னு அர்த்தம்."

பவளம் ஓர் உயிர். கடுகளவு உடம்புகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் கூட்டம். அதன் தசைக்குள் நுண்பாசி குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்துப் பவளத்துக்கும் கொடுக்கிறது, நிறத்தையும் கொடுக்கிறது. கடல் சூடு வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி ஏறி, வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். கண்ணாடி போன்ற தசை வழியே உள்ளே இருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். நாங்கள் அலமாரியில் அழகு பார்த்தது அந்த எலும்பைத்தான்.

இதைப் பார்க்க அந்தமான் வரை போனோமே என்ற எண்ணம் திரும்பும்போது வலித்தது. பவளம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள். அந்தப் பவளத்தைச் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தோம். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு நிற்கும் சர்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், பவளக் கல். வெட்டியதன் விலையையும் கண்டோம். அலையைத் தடுத்த பாறை போனதும் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற 2 தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகே வான்தீவு தேய்ந்து சிறுத்துவிட்டது. அதைக் காப்பாற்ற 2015 முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள்.

1986இல் மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு உள்ள காப்பு இப்போது பவளத்துக்கும் உண்டு. வெட்டு நின்றது. ஆனால் வெட்டாத கையும் இன்று கடலைச் சூடாக்கிப் பவளத்தைக் கொல்கிறது. 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடாவில் கோடைதோறும் இல்லாவிட்டாலும் கொடுங்கோடை வந்தபோதெல்லாம் பவளம் வெளுத்தது. 2024 ஏப்ரலில், உலகக் கடல்கள் நான்காம் முறையாகப் பெருவெளுப்பில் இருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அன்று துண்டு துண்டாக வாங்கி வந்த வெள்ளையை இன்று கடலே மொத்தமாக உடுத்துகிறது. மழையும் பொய்த்துக் கிணறு வறண்ட எங்கள் ஊர்க்காரனுக்கு இந்தச் சூட்டின் பொருள் யாரும் சொல்லாமலே புரியும்.

கடலுக்குள் முகம் வைக்கும் வாய்ப்பு கிடைத்தால் தவறாமல் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். மிதந்தபடி பாருங்கள். பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள், கையால் தொடாதீர்கள், ஒரு துண்டைக்கூட எடுக்காதீர்கள். யாராவது ரகசியமாகப் பவளம் விற்றால் வாங்காதீர்கள், அது குற்றம். கடலிலிருந்து வெறுங்கையோடு வருகிறவர்தான் கடலை மதித்தவர்.