மானியத்துக்கு ஏழை, வங்கிக்கு வசதி

2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் என்றொரு பிரிவு உண்டு. 35 லட்சம் ரூபாய்க்கு மிகாத வீட்டுக்கு 25 லட்சம் வரை கடன் பெறுவோருக்கு, முதல் 8 லட்சத்தின் மீது 4 விழுக்காட்டு வட்டியைப் பன்னிரண்டு ஆண்டு வரையிலான காலத்துக்குக் கணக்கிட்டு, அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாயை ஐந்து ஆண்டுத் தவணைகளில் அரசு வழங்குகிறது. இதன் விதிகளைப் பயில்வோர் முதலில் அறிய வேண்டியது, விண்ணப்பிக்கும் ஒரே ஆளுக்குள் இருவர் குடியிருந்தாக வேண்டும் என்பதாகும்.

முதலாமவர் ஏழை. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் அவர் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர், 6 லட்சம் வரை குறைந்த வருமானப் பிரிவினர். அவருக்கோ, மனைவிக்கோ, மணமாகாத மக்களுக்கோ நாட்டின் எந்த மூலையிலும் பக்கா வீடு, அதாவது செங்கல், சிமெண்டு போன்றவற்றால் கட்டிய நிலையான வீடு, இருத்தலாகாது. இரண்டாமவர் வசதியானவர், அவரைத் தேடுவது வங்கி. மாதத் தவணை, பேச்சுவழக்கில் இஎம்ஐ, வருமானத்தில் பாதியளவைத் தாண்டாதபடி வங்கி கடன் தருவதாகக் கொண்டால், மாதம் 25,000 ரூபாய் ஈட்டும் நலிந்த பிரிவினருக்கு, 9 விழுக்காட்டு வட்டியில் இருபது ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 13.9 லட்சம் கிடைக்கும். எஞ்சும் 12,500 ரூபாயில் அரிசி, பள்ளிக் கட்டணம், மருந்து ஆகியவற்றோடு, சாவி கைக்கு வரும்வரை பழைய வீட்டு வாடகையும் அடங்கிவிடும் என்பது வங்கியின் நம்பிக்கை.

அடுத்தது சிபில் மதிப்பெண். வாங்கிய கடனை ஒருவர் எவ்வளவு ஒழுங்காக அடைத்தார் என்பதை 300 முதல் 900 வரை அளந்து சொல்லும் எண். எவரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தவருக்கு இது −1 என்று காட்டப்படுவதுண்டு. கடன் வாங்காதே என்று சொல்லி வளர்த்த தாயின் உழைப்பு பூஜ்யத்தையும் எட்டாமல் நிற்க, தவணையில் கைப்பேசி வாங்கிக் கட்டி முடித்த தம்பி நம்பிக்கைக்குரியவராக உயர்கிறார்.

கிரயச் செலவு தனி அத்தியாயத்துக்கு உரியது. தமிழ்நாட்டில் 15 லட்சத்துக்குப் பழைய வீடொன்றைக் கிரயம் பெறுவோர் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்த்து 1.35 லட்சம் செலுத்த வேண்டும். ஆக, ஒன்றிய அரசு ஐந்து ஆண்டுகளில் சிறுகச் சிறுகத் தருவதன் முக்கால் பங்கை மாநில அரசு பதிவு அலுவலகத்தில் ஒரே முற்பகலில் பெற்றுக்கொள்கிறது. கூட்டாட்சித் தத்துவம் இவ்வளவு விரைவாக இயங்கும் வேறோர் இடத்தைக் காட்டுதல் அரிது. எனினும் வீடு பெண்ணின் பெயரிலோ கூட்டுப் பெயரிலோ இருக்க வேண்டும் என்ற விதியால், ரேஷன் அட்டையைத் தாண்டாத எத்தனையோ அம்மாக்களின் பெயர் பத்திரத்தில் ஏறுகிறது. இதில் கேலிக்கு இடமில்லை.

விதிகளுள் நுட்பமானது கடைசியில் வருகிறது: மானியத் தவணை விடுவிக்கப்படும்போது கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். வயிற்றைக் கட்டி விரைந்து அடைத்தவர் மானியத்தை இழக்கிறார். ஆகவே தீபாவளி போனஸ் வந்ததும் கடனை அடைக்க வங்கிக்கு ஓடும் அன்பர்கள், ஐந்தாம் தவணை வந்து சேரும்வரை அசலில் பாதியைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது.