விசயையை இறக்கிய மயில்

ஏறுகிறவனுக்கு மாலை போடுவதும் இறங்குகிறவனை மறந்துவிடுவதும் நம் பழக்கம். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலை வெள்ளிமலைக்கு ஏறும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடிதடி. அதே கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு குலசாமியைக் கூப்பிடுகிறார்கள். ரோட்டிலேயே இந்தக் கதி என்றால் ஆகாயத்தில்?

தமிழில் அந்தச் சோதனைக்கு ஆளானவள் ஏமாங்கத நாட்டு ராணி விசயை. சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் விலாவாரியாகச் சொல்கிறார். அவள் வீட்டுக்காரர் சச்சந்தன், பெண்டாட்டி மேல் இருந்த ஆசையில் ராஜ்ஜியத்தை மந்திரி கட்டியங்காரனிடம் கொடுத்துவிட்டு அந்தப்புரத்துக்குள் போனவர்தான். நல்லது சொன்னவர்கள் பேச்சு காதில் ஏறவில்லை. கடைசியில் ராணி கெட்ட கனவு கண்டாள். வேறு ராஜாவாக இருந்தால் படையைக் கூட்டியிருப்பார். இவர் தச்சனைக் கூப்பிட்டு, பறக்கிற மயில் ஒன்று செய்யச் சொன்னார்.

பொறியை வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். பயிற்சிப் புத்தகம் மொத்தமும் இவ்வளவுதான். கர்ப்பிணியை அதில் உட்கார வைத்துப் பறக்கவும் பழக்கினார் அந்த மகராசன். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்ததும் அவளை மயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாளோடு வாசலுக்குப் போனார். போனவர் திரும்பவில்லை.

மேலே போய்க்கொண்டிருந்த விசயையின் காதில் எதிரியின் வெற்றி முரசு விழுந்தது. மயக்கம் போட்டுவிட்டாள். இங்கேதான் அந்தத் தச்சனைக் கும்பிட வேண்டும். ஓட்டுகிறவளுக்கு நினைவு தப்பியும் மயில் தலைகுப்புற விழவில்லை. பதமாக வந்து தரையில் உட்கார்ந்தது. இறங்கிய இடம் சுடுகாடு. இடம் பார்த்து இறங்கும் வித்தை அதற்குச் சொல்லித்தரப்படவில்லை போலும். அங்கேயே பிள்ளையும் பிறந்தது. ஓலைச்சுவடியில் பறந்துகொண்டிருந்த இந்த மயிலை 1887இல் அச்சில் இறக்கியவர் உ.வே.சாமிநாதையர்.

வெள்ளைக்காரன் இறங்கக் கற்றதும் இதே லட்சணத்தில்தான். 1797 அக்டோபர் 22 அன்று பாரிஸில் கார்னெரின் என்பவர் பலூனில் மேலே போய், கயிற்றை அறுத்துக்கொண்டு, பாராசூட்டில் குதித்தார். உச்சியில் துளை இல்லாத குடை அது. காற்று வெளியேற வழியில்லாமல், கூடையோடு அவரைத் திருவிழாத் தூரி மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆட்டித்தான் இறக்கியது. 1978இல் ஆல்ப்ஸ் அடிவாரத்து மியுஸ்ஸி கிராமத்தில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள், விமானத்துக்குக் காசு செலவழிப்பானேன் என்று, மலைச்சரிவில் ஓடியே பாராசூட்டைக் கிளப்பினார்கள். பாராகிளைடிங் சூடுபிடித்தது அங்கேதான்.

கோமுகி அணைக்கு மேலே ஆயிரம் மீட்டரில் ஒருவர் அப்படிப் பறக்கிறார் என்று வையுங்கள். சும்மா விட்டால் வினாடிக்கு ஒரு மீட்டர்தான் இறங்குவார். தரையைத் தொடக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். கல்வராயன் மலைமேல் கருமேகம் திரண்டால் அவ்வளவு பொறுமை ஏது? அந்தப் பாராசூட் இறக்கையின் இரு நுனிகளையும் கயிற்றை இழுத்து மடக்கலாம். இதற்குப் பெயர் ‘பிக் இயர்ஸ்’. யானை காதை மடக்கின மாதிரி இருக்கும். இறங்கும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். இரண்டாம் வரிசைக் கயிறுகளை இழுத்து இறக்கையின் முதுகை ஒடிப்பது பி-லைன் ஸ்டால். இன்னும் அவசரமென்றால் ஸ்பைரல் டைவ். பம்பரமாகச் சுற்றிக்கொண்டே வினாடிக்குப் பத்து, பதினைந்து மீட்டர். ஒன்றரை நிமிடத்தில் கதை முடியும். ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கி ஆள் மயங்கினால், நிஜமாகவே முடியும். சில இறக்கைகள் தாமாக நேராகாது. சுற்றிக்கொண்டே தரைக்கு வரும். தச்சன் மயிலுக்கு இருந்த புத்தி இவற்றுக்கு இல்லை.

2007 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் மனில்லாவில், ஜெர்மனியின் பாராகிளைடிங் வீராங்கனை எவா விஸ்னியெர்ஸ்காவை இடிமேகம் உறிஞ்சியது. ஸ்பைரல் போட்டுப் பார்த்தார். அவர் இறங்கிய வேகத்தைவிட மேகம் தூக்கிய வேகம் அதிகம். 9,946 மீட்டர் வரை போனார். எவரெஸ்டைத் தாண்டி ஒரு கிலோமீட்டர். பிராணவாயு போதாமல் முக்கால் மணி நேரம்போல நினைவில்லை. இறக்கை தன் பாட்டுக்குப் பறந்தது, பிறகு சுருங்கி விழுந்தது, மறுபடி விரிந்தது. கண் விழித்தபோது உடம்பெல்லாம் பனிக்கட்டி. கிளம்பிய இடத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் பிழைக்கவில்லை.

மயங்கியும் பிழைத்த எவாவைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்கள். மயங்கியும் பிழைத்த விசயைக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. மூவாயிரத்துக்கும் மேல் பாட்டு இருந்தும், காப்பியத்தின் பெயர் எட்டுத் தடவை மணமேடை ஏறிய மகன் சீவகனுக்குத்தான் போனது.