விருந்து ஒயினின் விலை: அளவை நூல் வழி ஓர் ஆராய்ச்சி

நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையான நன்றி நவிலும் நாள் தொடங்கிப் புத்தாண்டுப் பின்னிரவு வரை அமெரிக்க வீடுகளில் விருந்துக் காலம். அக்காலத்தில் வீட்டுக்காரரை அலைக்கழிக்கும் கேள்விகளுள் தலையாயது வான்கோழி வெந்ததா என்பதன்று. அதற்கு வெப்பமானி இருக்கிறது. கடையில் 10 டாலர் ஒயினுக்கும் 40 டாலர் ஒயினுக்கும் நடுவே நின்று, வரப்போகிறவர்கள் எதைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று தயங்குகிறாரே, அந்தத் தயக்கத்தை அளக்க இதுவரை மானி இல்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு எழுந்தது. கணக்கு எளிது. 750 மில்லி புட்டி ஒன்றில் 150 மில்லி வீதம் 5 கிண்ணம். விருந்தினர் 12 பேர், ஆளுக்கு இரண்டரைக் கிண்ணம் என்றால் 6 புட்டி. மலிவில் வாங்கினால் 60 டாலர், உயர்வில் வாங்கினால் 240. இடையிலே நிற்கும் 180 டாலரை அந்த அறையில் குடிப்பவர் யார் என்பதே ஆராய்ச்சிப் பொருள்.

ஒன்றை அறிவதற்கான அளவைகள் ஆறு என்பாரும் பத்து என்பாரும் உண்டு. காட்சி, கருதல், உரை என்ற மூன்றிலே எல்லாம் அடங்கும் என்று சிவஞான சித்தியார் முடித்துவிட்டது. அந்நூலாசிரியர் அருணந்தி சிவாசாரியார் கவலைப்பட்டது பதி, பசு, பாசம் பற்றி. கேபர்னே சோவின்யோன் என்ற சிவப்பு ஒயின் பற்றி அல்ல. ஆனாலும் கருவி கருவிதான். நாவும் மூக்கும் நேரே அறிவது காட்சி. புட்டியின் கனம், அடியிலுள்ள குழிவு, சீட்டில் அச்சிட்ட பழைய மாளிகை ஆகியவற்றிலிருந்து உள்ளே இருப்பதை ஊகிப்பது கருதல். விலைச்சீட்டும், பத்திரிகை தந்த மதிப்பெண்ணும், கடைக்காரர் வாய்மொழியும் உரை. விருந்தில் ஒயின் உரையால் சுவைக்கப்படுகிறது, கருதலால் பாராட்டப்படுகிறது. காட்சியின் பங்குக்கு மிஞ்சுவது தொண்டை நனைவது மட்டுமே. ஆகவே, அடிமட்டத்துக்குச் சற்று மேலான விலையில் வாங்கி, உரையின் வாயை அடைத்துவிடுவதே விருந்து வைப்பவர் கடன் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதற்குச் சான்று என்னை எனின், முதற்கண் பிரான்சின் போர்தோ. ஒயினியல் படிக்கும் மாணவர் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். ஃப்ரெடெரிக் ப்ரோஷேயும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தார்கள். மூக்கு கண்ணிடம் கேட்டுக்கொண்டு பேசியிருக்கிறது. இரண்டாவது, ஹில்கே ப்ளாஸ்மானும் சகாக்களும் 2008-இல் வெளியிட்ட கலிபோர்னியச் சோதனை. மூளையைப் படம் பிடிக்கும் கருவிக்குள் 20 பேரைப் படுக்கவைத்து, குழாய் வழியே ஒயினைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றார்கள், மறுமுறை 90 டாலர் என்றார்கள். 90 என்று கேட்டபோது அதிகம் பிடித்ததாகச் சொன்னதோடு நில்லாமல், இன்பத்தைப் பதிவுசெய்யும் மூளைப் பகுதியும் கூடுதலாகச் சுறுசுறுப்படைந்தது. குடித்தவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதிலே கவனிக்கத்தக்கது. உரை அளவை நாவை ஏமாற்றவில்லை. நாவுக்கு முன்பே போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாவதாக, அதே 2008-இல் ராபின் கோல்ட்ஸ்டைன் குழுவினர் விலையும் பெயரும் மறைத்து நடத்திய 6,000-க்கும் மேற்பட்ட சுவைப்புகளின் கணக்கு. பயிற்சியில்லாத பொதுமக்கள் விலை உயர்ந்த ஒயினை, இம்மியளவுதான் எனினும், குறைவாகவே விரும்பினார்கள். 180 டாலரைக் குடித்தவர் அந்த அறையில் இல்லை என்பது இதனால் பெற்றாம்.

பயிற்சி பெற்றவர் அறிவார் அல்லரோ எனின், அறிவார். ஆனால் எதை அறிவார் என்பது கேள்வி. 1976 மே 24 அன்று பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் 9 பிரெஞ்சு வல்லுநர்களை உட்காரவைத்துப் பெயர் மறைத்த கிண்ணங்களை நீட்டினார். கலிபோர்னியாவின் ஷாட்டோ மாண்டெலீனா வெள்ளையிலும், ஸ்டாக்ஸ் லீப் சிவப்பிலும் முதலிடம் பெற்றன. ஒரு நடுவர் கலிபோர்னிய ஒயினைப் பருகிவிட்டு, அப்பாடா, பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம் என்ற பொருள்படப் பெருமூச்சு விட்டதை அங்கிருந்த ஒரே செய்தியாளரான ஜார்ஜ் டேபர் குறித்துவைத்தார். அந்த நடுவர்களின் நாவில் குறையில்லை, நல்லதை நல்லது என்றே சொன்னார்கள். ஊரைத்தான் மாற்றிச் சொன்னார்கள். ஊரைக் கழித்தால் விலையில் பெரும்பாதி கழியும் என்பதை வாசகர் மனத்தில் இருத்துக.

இவ்விடத்தில் மலிவுக் கட்சியினர் ஒரு துருப்புச் சீட்டை எடுப்பது வழக்கம். ஃப்ரெட் ஃப்ரான்சியாவின் ப்ராங்கோ நிறுவனம் 2002-இல் ட்ரேடர் ஜோஸ் கடைகளில் சார்ல்ஸ் ஷா என்ற ஒயினை 1 டாலர் 99 சென்டுக்கு இறக்கியது. ‘இரண்டு டாலர் சக்’ என்று ஊரே செல்லப் பெயர் வைத்தது. 2007-இல் கலிபோர்னிய மாநிலக் கண்காட்சிப் போட்டியில் அதன் ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் அம்மாநிலத்திலேயே சிறந்த ஷார்டனே என்று பரிசு வாங்கியது. இதைச் சான்றாகக் காட்ட எந்த ஆய்வாளருக்கும் நாவூறும். ஆனால் இவ்வாய்வு நேர்மையானது. ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், தாமும் ஒயின் செய்பவர், அதே கண்காட்சியின் நடுவர்களுக்கு ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினைச் சொல்லாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே பதக்கத்துக்குள் நின்றவர் பத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் ஒருமுறை தங்கத்துக்குப் பக்கத்தில், மறுமுறை வெண்கலத்துக்கும் கீழே என்றெல்லாம் உலாவினார்கள். எனவே சார்ல்ஸ் ஷாவின் பரிசைச் சான்றாகக் கொள்ளலாகாது. விலை உயர்ந்த ஒயின்கள் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் பதக்கங்களையும் கொள்ளலாகாது. இழப்பு இரு தரப்புக்கும்தான் என்றாலும், 2 டாலர் கொடுத்தவனுக்குக் குறைவாக வலிக்கும்.

அங்ஙனமாயின் கடையிலேயே மிக மலிந்ததை வாங்கிவிடலாமே எனின், அற்றன்று. இதற்கு விடை நாவில் இல்லை, வரியில் இருக்கிறது. அதற்குப் பிரிட்டனுக்குப் போகவேண்டும். அங்கே ஒயின் மீதான தீர்வை ஆல்கஹாலின் அளவைப் பார்க்குமே தவிர விலையைப் பார்க்காது. 2023 ஆகஸ்டில் வந்த மாற்றத்தின்படி வழக்கமான வீரியமுள்ள ஒரு புட்டிக்கு அப்போது 2 பவுண்டு 67 பென்னி விதித்தார்கள். அதன் மேல் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி. அக்கணக்கில் 5 பவுண்டுப் புட்டியில் இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 1 பவுண்டு 50 பென்னி. அதற்குள் கண்ணாடி, மூடி, சீட்டு, கப்பல், கடைக்காரர் லாபம் எல்லாம் முடிந்து, கடைசியில் கொஞ்சம் திராட்சையும் இருக்கவேண்டும். 10 பவுண்டுப் புட்டியில் மிஞ்சுவதோ 5 பவுண்டு 66 பென்னி. விலை இருமடங்கு, உள்ளீடு ஏறத்தாழ நான்கு மடங்கு. 20 பவுண்டுக்குப் போனால் விலை மறுபடி இருமடங்காகிறது, மிச்சமோ இரண்டரை மடங்குக்கும் குறைவாகவே ஏறுகிறது. அமெரிக்க மத்தியத் தீர்வை புட்டிக்கு 21 சென்ட் அளவுதான் என்பதால் அங்கே இந்தக் கோடு இன்னும் கீழே விழும். எனினும் கண்ணாடிக்கும் லாரிக்கும் அங்கேயும் காசு கொடுத்தாகவேண்டும். அடித்தட்டைத் தாண்டு, அடுத்த படியில் நில், மூன்றாம் படியில் இருப்பது மாளிகைப் படத்தின் வாடகை.

இனி உணவை நோக்குக. நன்றி நவிலும் நாள் மேசையில் வான்கோழியின் மார்புக்கறி உலர்ந்து கிடக்கிறது. பக்கத்தில் புளிப்பும் இனிப்புமாய்க் க்ரான்பெரி சாஸ். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தலையில் மார்ஷ்மெல்லோவை வைத்து உருக்குகிறார்கள், அது ஏன் என்று கேட்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நாற்பது டாலர் கேபர்னேயின் பெருமை அதன் துவர்ப்பு. துவர்ப்பு உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொண்டு வாயை வறட்டும். ஏற்கெனவே வறண்ட கறியோடு வறட்டுகிற ஒயினைச் சேர்ப்பது காசு கொடுத்துத் தாகம் வாங்குவதாகும். துவர்ப்புக் குறைந்த, பழ மணம் மிகுந்த, இளமையான காமே திராட்சை ஒயின்தான் இங்கே பொருந்தும். அது மலிவு. அத்திராட்சையில் செய்யும் பிரான்சின் பூஜொலே நூவோ அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே, நவம்பர் மூன்றாம் வியாழனன்று உலகெங்கும் கடைக்கு வருகிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 1941-இல் நன்றி நவிலும் நாளை நான்காம் வியாழன் என்று சட்டமாக்கியது. இரண்டுக்கும் இடையே எந்த ஆண்டிலும் சரியாக 7 நாள். பஞ்சாங்கமே மலிவுக் கட்சியில் நிற்கும்போது மேலும் வாதிப்பது மிகை. சற்றே இனிப்பு எஞ்சிய ஜெர்மானிய ரீஸ்லிங் ஒயினும் அந்தக் கிழங்கைச் சமாளிக்கும்.

கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் நுரைக்கும் ஒயின் வேண்டும் என்பது மரபு. ஷாம்பெயினில் இரண்டாம் நொதித்தல் புட்டிக்குள்ளேயே நடக்கிறது; ஸ்பெயினின் கவாவிலும் புட்டிக்குள்ளேயேதான். ஷாம்பெயின் விற்பனைக்கு முன் குறைந்தது 15 மாதம் அறையில் கிடக்கவேண்டும், கவா குறைந்தது 9 மாதம். ஆறு மாதம் கூடுதலாகத் தூங்கியதற்கும் நிலத்தின் பெயருக்கும் சேர்த்து மூன்று நான்கு மடங்கு கேட்கிறார்கள். விருந்தினருக்கு நள்ளிரவு 12 மணிக்கு வேண்டியது தக்கை தெறிக்கும் ஓசை. அதிலே இரண்டுக்கும் வேறுபாடு காண்பவர் இருந்தால் அவர் காது வைத்தியரைப் பார்க்கலாம், அல்லது இசைக் கச்சேரிக்குப் போகலாம்.

பரிமாறும் முறைக்கு முதல் நூல் யோவான் எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம். கானா ஊர்க் கலியாணத்தில் ஆறு கற்சாடித் தண்ணீர் திராட்சரசமான கதையை எல்லாரும் அறிவர். பந்திவிசாரிப்புக்காரன் சொன்னதை ஆராய்ந்தவர் குறைவு. எவனும் முதலில் நல்லதைக் கொடுத்து, ஜனங்கள் திருப்தியாகக் குடித்தபின் மட்டமானதைக் கொடுப்பதே வழக்கம், நீரோ நல்லதைப் பின்னுக்கு வைத்திருக்கிறீரே என்று அவன் மணவாளனிடம் வியக்கிறான். இரண்டாம் சுற்றில் நாவுக்கு வேலையில்லை என்பது அக்காலத்திலேயே தொழிலறிவாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அற்புதம் செய்ய இயலாத வீட்டுக்காரர்கள் அவன் சொன்ன வழக்கத்தையே பின்பற்றலாம். கோல்ட்ஸ்டைன் கணக்கில் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் விலையோடு விருப்பம் சற்று ஏறியது. ஆகவே 12 பேரில் அப்படி ஒருவர் இருப்பாரென்று அஞ்சினால், ஒரே ஒரு நல்ல புட்டியை வாங்கி, அவர் வந்ததும் திறந்துவிட வேண்டும். அடுத்து வருபவை குளிர்ந்திருக்கட்டும், ஏனெனில் குளிர் மணத்தை அடக்கும், குற்றத்தையும் அடக்கும். மூன்று லிட்டர் அட்டைப்பெட்டி ஒயின் நான்கு புட்டிக்குச் சமம். தென் ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் 1965-இல் காப்புரிமை பெற்ற அந்தப் பெட்டியின் உள்பைக்குள் காற்றுப் புகாததால் மீதமானது வாரக்கணக்கில் கெடாது. அதற்குள்ள ஒரே பழி அட்டை. கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மேசைக்குக் கொண்டுவந்தால் பழி நீங்கும், விலைச்சீட்டும் நீங்கும்.

இது வஞ்சனை அல்லவா எனின், அன்று. விலையைச் சொல்லாதது பொய் சொன்னதாகாது. யாரும் சோற்றுக்கு விலை சொல்லிப் பரிமாறுவதில்லை. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் பாடுகிறார். அது குளிர்ந்தது என்கிறார், மணத்தது என்கிறார், பொற்கிண்ணத்தையும் அதை ஏந்திய மகளிரின் வளையையும் பாடுகிறார். எந்த ஊர்த் திராட்சை, எந்த ஆண்டு, என்ன விலை என்ற பேச்சே இல்லை. கடல் கடந்து வந்த சரக்கு மலிவாக இருந்திருக்காது. என்றாலும் புலவருக்குத் தெரிந்தது கிண்ணம்தான். வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே, அதற்கு என்ன விடை எனின், அதுவே இக்கட்டுரையின் வலிமையான சான்று. பொருளைக் கொடுத்துத் தன்னை மறக்கும் நிலையை வாங்குவது அறியாமை என்கிறார் அவர். அறியாமையின் அளவு கொடுத்த பொருளின் அளவாகும் என்று கொண்டால் 40 டாலர்க்காரர் 10 டாலர்க்காரரைவிட நான்கு மடங்கு பேதை. வள்ளுவர் இந்த வகுத்தலுக்கு உடன்பட்டிருப்பாரா என்பது வேறு அதிகாரம்.

தீராமல் நிற்கும் தடை ஒன்றுண்டு. கைபேசியைச் சீட்டுக்கு நேரே பிடித்தால் விலையும் மதிப்பெண்ணும் சொல்லிவிடும் செயலிகள் வந்துவிட்டன. மேசைமேல் குடுவை இருக்கும்வரை அவற்றுக்குப் படிக்க எதுவுமில்லை. ஆனால் விருந்தினருள் ஒருவர் உதவி செய்கிறேன் என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அங்கே குப்பைத்தொட்டிப் பக்கத்தில் காலி அட்டைப்பெட்டி நிற்கும். உரை அளவை பின்வாசல் வழியாக வருவது இப்படித்தான். தட்டுகளை வாங்க ஒருவரைச் சமையலறை வாசலிலேயே நிறுத்திவைக்கலாம் என்பார் ஒரு சாரார். அவருக்குத் தனியே இரண்டரைக் கிண்ணம் ஆகும், கணக்கு கெடும். பெட்டியைத் தட்டையாக மடக்கி, அச்செழுத்துச் சுவரைப் பார்க்கும்படி குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் செருகிவைப்பதே செலவில்லாத வழி.